ஹட்டனிலிருந்து தீவின் புல்தரை ஓடுபாதை வரை: முதன்முறை போகிறவர்களுக்கு

மாலைதீவு ஹோட்டல் வேலை என்பது ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் பழகிப்போன சங்கதி. பசிபிக் கடலில் பிஜி, சொலமன் தீவுகள், துவாலு என்று இன்னும் தூரம் போகிறவர்களும் உண்டு. சிலர் தொண்டு நிறுவனப் பணிக்கு, சிலர் சபை ஊழியத்துக்கு, சிலர் சும்மா ஊர் பார்க்க. கட்டுநாயக்கவில் ஏறி வேறொரு பெரிய விமான நிலையத்தில் இறங்கும்வரை எல்லாம் சொல்லிவைத்தபடி நடக்கும். அங்கிருந்து ஒரு சின்ன விமானம் பிடித்து, கடலுக்கு நடுவே புல்தரையிலோ பவளக்கல் நொறுக்கிப் பரப்பிய பாதையிலோ போய் இறங்க வேண்டும் என்றதும் கதை மாறிவிடுகிறது.

அந்தக் கடைசிக் கட்டத்துக்கான வழிகாட்டி இது. அங்கே எடை, வெளிச்சம், வானிலை என்ற மூன்றும்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றன. டிக்கெட்டில் அச்சடித்த நேரத்துக்கு நான்காவது இடம் கொடுக்கலாம், அதுவும் தயவு பார்த்து.

எந்த விமானம் என்று கேளுங்கள்

பயணத்தை யார் ஒழுங்கு செய்தாலும் அவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, கடைசித் தாவலுக்கு என்ன விமானம் என்பதுதான். ஏடிஆர், டேஷ் 8 போன்ற சற்றுப் பெரிய விமானம் என்றால் கவலை குறைவு. அவற்றுக்குத் தார் போட்ட ஓடுபாதையும் ஓரளவு ஒழுங்கான நிலையமும் பெரும்பாலும் இருக்கும். ட்வின் ஓட்டர் என்று பதில் வந்தால் இந்தக் கட்டுரையைக் கடைசிவரை படியுங்கள்.

ட்வின் ஓட்டர் கனடாவில் பிறந்தது. முதலில் பறந்த ஆண்டு 1965. அதிகபட்சம் 19 பயணிகள். 400 மீட்டருக்கும் குறைந்த தூரம் ஓடி மேலெழும்பக்கூடியது என்பதால்தான் உலகெங்கும் குட்டித் தீவுகள் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சக்கரத்துக்குப் பதில் மிதவை பூட்டினால் அதே விமானம் நீர்விமானம் ஆகிவிடும். மாலைதீவில் ஓடுவது இதுதான். உலகின் மிகப்பெரிய நீர்விமானக் கூட்டம் அங்கேதான் இருக்கிறது. விமானிகள் வெறுங்காலோடு ஏறி உட்காருவதைப் பார்த்து மிரள வேண்டாம், அங்கே அது வழக்கம். நம் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கிய நீர்விமானத்தைக் கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு உருவம் ஓரளவு பிடிபடும். ஆனால் அது செஸ்னா காரவன், ஒற்றை இயந்திரம், இன்னும் சிறியது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ட்வின் ஓட்டர் கிளம்பும்போது மொத்த எடை 5,670 கிலோவைத் தாண்டக்கூடாது. வெற்று விமானமே 3,000 கிலோவுக்கு மேல் வரும். மிச்சமிருப்பது ஏறத்தாழ 2,000 கிலோ. இரண்டு விமானிகள், எரிபொருள், பயணிகள், பொதிகள், தீவுக் கடைக்குப் போகும் அரிசி மூட்டை, வைத்தியசாலைக்குப் போகும் மருந்துப் பெட்டி எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். தொலைதூரத் தீவுகள் பலவற்றில் எரிபொருள் கிடைக்காது. திரும்பிவரத் தேவையானதையும் போகும்போதே சுமக்க வேண்டும். எரிபொருள் கூடினால் ஆட்கள் குறைய வேண்டும். இருக்கை காலியாகத் தெரிந்தும் ஏற்ற மறுக்கிறார்களே என்று கோபப்படும் பலருக்கு இந்தக் கணக்குத் தெரியாது.

வீட்டிலிருந்தே முடிக்க வேண்டியவை

முதலில் பெயர். மலையகத்தில் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இன்னொரு பெயர் என்பது புதிதல்ல. கடவுச்சீட்டு எடுக்கும்போதே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். கண்டியில் குடிவரவுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. அடுத்த தலைவலி, குடும்பப் பெயர் கேட்கும் டிக்கெட் படிவம். நம்மிடம் இருப்பதோ தந்தை பெயரும் நம் பெயரும். மூளையைப் போட்டுக் குழப்பாமல், கடவுச்சீட்டின் படப்பக்கத்தின் அடியில் குறியீடுகளோடு அச்சடித்திருக்கும் இரண்டு வரியில் எது முன்னால் வருகிறதோ அதையே குடும்பப் பெயராகப் போடுங்கள். உள்நாட்டு விமானத்துக்கும் எழுத்துப் பிசகாமல் அதே பெயர்தான். தீவு ஓடுபாதையில் ஒருவர் காகிதப் பட்டியலைப் பார்த்து உங்கள் தந்தையாரின் பெயரை உரக்கக் கூப்பிடுவார். எழுந்து போக வேண்டியவர் நீங்கள்தான்.

விசா விஷயத்தில் மாலைதீவு இலகு. சுற்றுலாவுக்கு 30 நாள் அனுமதி அங்கே இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். பயணத்துக்கு முந்திய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணியர் விவரப் படிவத்தை நிரப்ப வேண்டும். வேலைக்குப் போகிறவர் இந்தச் சுற்றுலா அனுமதியில் போகவே கூடாது. வேலை அனுமதி வேறு, அதோடு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவும் கட்டாயம். “போய் இறங்கு, பிறகு மாற்றித் தருகிறேன்” என்று சொல்லும் முகவரிடமிருந்து எட்டி நில்லுங்கள்.

பசிபிக் பக்கம் போகிறவர் வழியில் எங்கே விமானம் மாறுகிறார் என்று பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியா வழியாக என்றால், இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே விமானம் மாறுவதற்கே தனி விசா வேண்டும். 771 என்ற வகை, கட்டணம் இல்லை. கட்டணமில்லாததால் பலரும் அதை மறந்துவிடுகிறார்கள், கட்டுநாயக்கவில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

மலேரியா பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். மேட்டுநிலத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்த நோயின் பயமே கிடையாது. இலங்கைக்குள் தொற்றிய கடைசி நோயாளி பதிவானது 2012இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றது என்று அறிவித்துவிட்டது. சொலமன், வனுவாட்டு, பப்புவா நியூகினி ஆகிய நாடுகளிலோ மலேரியா இருக்கிறது. அங்கே போகிறவர்களுக்குத் தடுப்புக் குளிசைகளைக் கொழும்பு நாரஹேன்பிட்டியில் இருக்கும் மலேரியாத் தடை இயக்கம் இலவசமாகக் கொடுக்கிறது. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பாவது போய்விடுங்கள், சில குளிசைகளைப் பயணத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். பிஜியிலும் மாலைதீவிலும் மலேரியா இல்லை. டெங்கு உண்டு, அது நமக்குத் தெரிந்த எதிரிதான்.

காப்புறுதி எடுக்கும்போது நோயாளியை விமானத்தில் ஏற்றி வேறு நாட்டு வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குகிறதா என்று பாருங்கள். தனியாக வாடகைக்கு அமர்த்திய விமானத்தில் நடக்கும் விபத்தைச் சில பத்திரங்கள் விலக்கிவிடுகின்றன. சிற்றெழுத்தில் இருக்கும். படியுங்கள்.

மாதமும் மணியும்

தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சூறாவளிக் காலம். ஆகவே மே முதல் ஒக்டோபர் வரை போவது நல்லது. வேடிக்கை என்னவென்றால், ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். தீவில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் கினிகத்தேனையில் மண் சரிந்து மறிபட்ட பாதையில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்கிவிடுவதுதான் புத்தி. புகையிரதத்தை நம்பி அன்று காலையில் புறப்படும் துணிச்சல் மழைக்காலத்தில் வேண்டாம்.

சின்ன விமானத்துக்கு எப்போதும் காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள். வெப்பம் ஏற ஏறக் காற்று அடர்த்தி குறையும், இறக்கை தூக்கும் பாரமும் குறையும். காலையில் 15 பேரைத் தூக்கிய விமானம் அதே ஓடுபாதையில் உச்சி வெயிலில் அவ்வளவு பேரைத் தூக்காமல் போகலாம். பிற்பகலில் தீவுக்கு மேல் மேகம் திரண்டு இடியும் மழையும் வரும். காலை விமானம் தாமதித்தாலும் பொழுது சாய்வதற்குள் இன்னொரு முயற்சிக்கு இடமுண்டு, மாலை விமானம் தாமதித்தால் மறுநாள்தான். குட்டி ஓடுபாதைகள் பெரும்பாலானவற்றில் விளக்கே கிடையாது. மாலைதீவு நீர்விமானங்களும் பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும். கொழும்பிலிருந்து பின்னேரம் போய் மாலேயில் இறங்குகிறவருக்கு அன்று நீர்விமானம் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு, ஒரு இராத்தங்கலுக்குக் காசு ஒதுக்குங்கள்.

திரும்பும்போது கடைசித் தீவிலிருந்து கிளம்பும் நாளுக்கும் சர்வதேச விமானத்துக்கும் இடையே குறைந்தது இரண்டு முழு நாள் விடுங்கள். வாரத்துக்கு ஒரே விமானம் போகும் தீவு என்றால் இரண்டு நாளும் போதாது. பிஜியில் லௌ கூட்டத்துத் தீவுகள் அப்படிப்பட்டவை. இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கியிருந்தால், ஒன்று தவறியதற்கு மற்ற நிறுவனம் பொறுப்பேற்காது. விமான நிறுவனமே படுத்துவிடுவதும் நடக்கும். 2024 மே மாதம் வனுவாட்டுவின் தேசிய விமான நிறுவனம் கலைப்புக்குப் போனபோது பயணிகள் அப்படியே தீவுகளில் மாட்டிக்கொண்டார்கள். படகு வழி இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

பொதி

துணிப்பை கொண்டுபோங்கள். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி, விமானத்தின் பின்புறச் சந்துக்குள் நுழையாமல் எல்லோருடைய பொறுமையையும் சோதிக்கும். மாலைதீவு நீர்விமானத்தில் பொதி 20 கிலோ, கைப்பை 5 கிலோ என்பது பரவலான அளவு. வேறு இடங்களில் இன்னும் குறைவாக இருக்கலாம், டிக்கெட்டில் பாருங்கள். மிஞ்சிய பொதியை அடுத்த விமானத்தில் அனுப்புவார்கள். அடுத்த விமானம் நாளையும் வரலாம், அடுத்த வாரமும் வரலாம். ஆகவே மருந்து, கண்ணாடி, கடவுச்சீட்டு, பணம், ஒரு மாற்றுடுப்பு, சார்ஜ் செய்யும் மின்கலம் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். மின்கலத்தைக் கைப்பையில் வைப்பது பாதுகாப்பு விதியும்கூட. கைப்பையின் உள்ளே ஒரு பெரிய பொலித்தீன் உறை போடுங்கள். ஓடுபாதையில் மழை வந்தால் ஒதுங்கக் கூரை இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

தேயிலைத்தூள் கொண்டுபோகாத மலையகத்தார் உண்டா? கொண்டுபோங்கள், நல்ல பரிசு. கடையில் வாங்கி முத்திரையிட்ட பக்கற்றாக இருக்க வேண்டும். பிஜி, சொலமன் போன்ற நாடுகளில் தாவரப் பொருள் எதுவானாலும் நுழைவுப் படிவத்தில் குறிப்பிட்டுவிடுங்கள். சொன்னால் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள், மறைத்தால் அபராதம். விதை, பச்சை மிளகாய், கறிவேப்பிலைக் கட்டு இவற்றை அம்மா எவ்வளவு வற்புறுத்தினாலும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். மாலைதீவுக்குப் போகிறவர் சாராயமும் பன்றி இறைச்சியும் மட்டுமல்ல, வழிபடும் சாமிச் சிலைகளையும் கொண்டுபோக முடியாது. சுங்கத்தில் எடுத்துவைத்துவிடுவார்கள். பெட்டியின் மூலையில் பாட்டி செருகிவைத்த சின்னப் பிள்ளையாரைப் புறப்படுமுன் தேடி எடுத்துச் சாமியறையில் திருப்பி வையுங்கள்.

பணத்தை அந்த நாட்டு நாணயத்தில், சிறு தாள்களாக, தலைநகரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். துவாலு நாட்டுக்குப் பணம் எடுக்கும் இயந்திரம் முதன்முதலில் வந்ததே 2025இல்தான். அதுவும் தலைநகரத் தீவில்.

தராசில் ஏறுதல்

பொதியை எடைபோட்ட பிறகு உங்களையும் தராசில் ஏறச் சொல்வார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்ற வீட்டுப் பிள்ளைகளுக்குத் தராசைப் பார்த்தாலே ஒரு சந்தேகம் வரும். ஈரத்துக்கு இத்தனை, கூடைக்கு இத்தனை என்று கழிக்கும் ஆளைக் கண்கள் தேடும். இங்கே கழிப்பதற்கு ஆள் இல்லை. கூடுதலாகக் காட்டினாலும் பிழை, குறைவாகக் காட்டினாலும் பிழை. சட்டைப்பைக்குள் கனமானதை ஒளித்துக்கொண்டு பொதியின் எடையைக் குறைத்துக்காட்டும் தந்திரமும் பலிக்காது, நீங்களும் சேர்ந்துதானே ஏறுகிறீர்கள்.

பிறகு அமரும் இடத்தையும் அவர்களே சொல்லக்கூடும். கனமானவர் முன்னால், சிறுவர் பின்னால் என்று மாற்றி உட்காரவைப்பது விமானத்தின் சமநிலைக்காக. கணவன் மனைவி தனித்தனி வரிசையில் உட்கார நேர்ந்தால் அதற்காக வாதாட வேண்டாம்.

ஓடுபாதையோரம்

பிஜியின் வெளித்தீவுகளிலும் சொலமனிலும் “நிலையம்” என்பது பெரும்பாலும் ஒரு கொட்டகை. விமான நிறுவனத்தின் முகவர் ஒருவர், ஒரு வானொலிக் கருவி, காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய். பல ஓடுபாதைகள் இரண்டாம் உலகப் போரின் மிச்சம். சொலமனில் செகே ஓடுபாதை 1943இல் அமெரிக்கர் போட்டது. அதன் முனையருகே கடலுக்கடியில் போர்விமானம் ஒன்று இன்றும் கிடக்கிறது. துவாலுவின் புனாபுட்டி ஓடுபாதையும் அதே போர்க்காலத்தைச் சேர்ந்தது. விமானம் இல்லாத நேரத்தில் ஊர் முழுக்க அங்கே பந்து விளையாடும், மோட்டார் சைக்கிள் ஓட்டும். விமானம் வருமுன் சைரன் ஊதும், எல்லோரும் ஒதுங்குவார்கள். சைரன் கேட்டதும் நீங்களும் ஒதுங்குங்கள், படம் எடுக்கக் குறுக்கே ஓடாதீர்கள்.

குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய் முகவரிடம் முகத்தைக் காட்டுங்கள். விமானம் முன்கூட்டியே வந்து, இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவதும் உண்டு. முந்திய நாள் மாலையில் ஒரு முறை பெயரை உறுதிசெய்வது அதைவிட முக்கியம். பட்டியல் அவர் கையில், அவருடைய கையெழுத்தில் இருக்கிறது. மரியாதையாகப் பேசுகிறவரின் பெயர் பட்டியலில் நிலைக்கும் என்பது என் அனுபவம்.

விமானம் வந்து நின்றாலும் கூப்பிடும்வரை நகராதீர்கள். பயணிகளை இறக்கும்போது இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கலாம். சுழலும் விசிறி கண்ணுக்குத் தெரியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடியுங்கள், அது பறந்தால் பின்னால் ஓடாதீர்கள். பிள்ளைகளின் கையை விடவே வேண்டாம்.

விமானமே வராவிட்டால்? மழையில் ஊறிய புல்தரையில் சக்கரம் வழுக்கும், மேகம் தாழ்ந்தால் ஓடுபாதை தெரியாது. வழிகாட்டும் கருவி இல்லாத இடத்தில் விமானி கண்ணால் பார்த்துத்தான் இறங்க வேண்டும். தலைக்கு மேல் இரைச்சல் கேட்டு, இரண்டு சுற்றுச் சுற்றி, அப்படியே திரும்பிப் போவதும் நடக்கும். வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1974 டிசம்பர் 4 அன்று கொழும்பில் இறங்க வந்த பெரிய விமானமே ஏழு கன்னி மலையில் மோதி 191 பேர் மாண்ட இடம் அது. திரும்பிப் போகத் தெரிந்த விமானியைத் திட்டாதீர்கள்.

மேலே

ட்வின் ஓட்டரில் கழிவறை இல்லை. ஏறுமுன் போய்விடுங்கள், காலையில் தேநீரைக் குறையுங்கள். இரைச்சல் பலமாக இருக்கும், காதுக்குப் பஞ்சு வையுங்கள். உள்ளே காற்றழுத்தம் சீர்செய்யும் வசதி இல்லாததால் ஏறும்போதும் இறங்கும்போதும் காது அடைக்கும். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வளைவுகளில் இறங்கியவருக்கு அது தெரிந்த அடைப்புத்தான். எச்சிலை விழுங்கினால் விடும். கடுஞ்சளி இருந்தால் மட்டும் வைத்தியரைக் கேட்டுவிட்டுப் பறக்கவும். நீர்விமானத்தில் உயிர்காப்பு அங்கி அடங்கிய உறையை இடுப்பில் கட்டச் சொல்லக்கூடும். விமானத்துக்கு வெளியே வந்த பிறகுதான் அங்கியை ஊத வேண்டும். உள்ளே ஊதினால் மேலே மிதந்து கூரையோடு ஒட்டிக்கொள்வீர்கள், கதவை எட்ட முடியாது.

இறங்கியதும்

ஓடுபாதை ஒரு தீவு, ஊர் இன்னொரு தீவு என்பதும் சகஜம். சொலமனில் கீசோ ஊருக்கு நுசாதுபே என்ற குட்டித் தீவில் இறங்கிப் படகில் போக வேண்டும். ஆகவே அழைத்துப்போக வருகிறவரிடம் படகையும் சேர்த்துப் பேசிவையுங்கள். கைப்பேசி வேலை செய்யாமல் போகலாம் என்பதால் அவர் பெயர், ஊர், தங்குமிடம் மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்.

பிஜிக் கிராமத்துக்குள் போகுமுன் யங்கோனா என்ற பானச் செடியின் வேர்க்கட்டு ஒன்றை ஊர்த் தலைவரிடம் கொடுத்து அனுமதி கேட்பது முறை. அதைத் தலைநகரச் சந்தையிலேயே வாங்கிவிடலாம். ஊருக்குள் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டாம், தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை தேவாலய நாள், படகும் கிடைக்காது வேலையும் நடக்காது. பிஜியின் நாடி ஊரில் விமானம் மாறும் நேரம் மிஞ்சினால் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்வாருங்கள். நம் முன்னோர் தேயிலைக்கு வந்ததுபோல் கரும்புக்குப் போனவர்களின் வாரிசுகள் கும்பிடும் முருகன். அங்கே ஒரு விசாரிப்பில் கிடைக்கும் தகவல், தீவுப் படகு பற்றியதானாலும் சரி, எந்த இணையப் பக்கத்தையும்விட உறுதியாக இருக்கும்.

இறங்கிய அன்றே முகவரிடம் திரும்பும் நாளைச் சொல்லிப் பெயரை எழுதவையுங்கள். கடலில் ஆழ்மூழ்கல் செய்கிறவர்கள் கடைசி மூழ்கலுக்கும் விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் விடவேண்டும்.

வீடு வந்த பிறகு

மலேரியா உள்ள நாட்டிலிருந்து வந்தவர்கள் குளிசையைச் சொன்ன நாள்வரை விடாமல் முடிக்க வேண்டும். சில வகைகளை ஊர் திரும்பிய பிறகும் நான்கு வாரம் போட வேண்டியிருக்கும். அடுத்த ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால் டிக்கோயா கிளங்கனோ நுவரெலியாவோ, எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், எந்த நாட்டுக்குப் போய்வந்தீர்கள் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கும்படி கேளுங்கள். நம் ஊரில் காய்ச்சல் என்றால் டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் யோசிப்பார்கள்.